கிளிநொச்சி லேத் பட்டறையில் பிறந்த கரிக்கோச்சி

கிளிநொச்சியில் இருக்கிற அந்த லேத் (கடைசல் மெசின்) பட்டறைக்கு நம்பிப் போகலாம். கடந்த இரண்டு கிழமையாக என்னிடம் கேட்கிறவர்கள் எல்லாரும் இதைத்தான் கேட்கிறார்கள் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் பாடசாலைக் கண்காட்சியில் ஓடின அந்தச் சின்னக் கரிக்கோச்சியை, அதாவது நீராவி ரயில் எஞ்சின் மாதிரியை, எங்கே செய்வித்தீர்கள், எவ்வளவு முடிந்தது, எங்களுக்கும் ஏதாவது செய்து தருவாரா என்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள். தனித்தனியாகப் பதில் எழுதிக் களைத்துப்போய்த்தான் இதை ஒரே இடத்தில் எழுதுகிறேன்.

கிளிநொச்சியில் ஏ9 வீதியிலிருந்து கொஞ்சம் உள்ளே போனால் தகரக் கூரை போட்ட ஒரு லேத் பட்டறை வரும். பெயர்ப்பலகை கிடையாது. வாசலில் எப்போதும் இரண்டு மூன்று லான்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு மெசின்) பெட்டிகளும் ஒரு அறுவடை மெசினின் ஏதாவதொரு பாகமும் கிடக்கும், அதுதான் அடையாளம். முதலாளிக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். கூட இரண்டு பெடியன்கள் வேலை செய்கிறார்கள். பெரிய லேத் ஒன்று, துளை போடுகிற மெசின் ஒன்று, வெல்டிங் செட் ஒன்று, அவ்வளவுதான் உள்ளே. ஆனால் வேலை ஆயுதங்கள் மாட்டியிருக்கிற பலகையைப் பார்த்தாலே ஆளைத் தெரிந்துவிடும். ஒவ்வொரு ஸ்பனருக்கும் பின்னால் அதன் உருவத்தைக் கறுப்பு மையால் கீறி வைத்திருக்கிறார், எது எடுபட்டிருக்கிறது என்று தூரத்திலிருந்தே தெரியும்.

நான் கேட்டுப் போனது வழக்கமான வேலை இல்லை. உயர்தரத் தொழில்நுட்பப் பிரிவுப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறேன். நீராவி எஞ்சின் பாடம் வரும்போதெல்லாம் கரும்பலகையில் அம்புக்குறி போட்டுக் காட்டிக் காட்டி எனக்கே அலுத்துவிட்டது. இங்கே யுத்தத்தால் 1990இல் நின்ற புகையிரதம் 2013 செப்டெம்பர் 14ஆம் திகதிதான் திரும்பக் கிளிநொச்சிக்கு வந்தது. இடையில் பிறந்த ஒரு தலைமுறைப் பிள்ளைகள் தண்டவாளத்தையே பார்க்காமல் வளர்ந்தார்கள், அந்தத் தண்டவாளமும் சிலிப்பர் கட்டைகளும் பங்கருக்குள் போயிருந்தன. கண்டிக்குப் பக்கத்தில் கடுகண்ணாவையில் 2014 கடைசியில் திறந்த புகையிரத நூதனசாலை எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு நாளில் போய்வருகிற தூரத்தில் இல்லை. அதனால் கண்ணுக்கு முன்னால் ஓடுகிற ஒன்று, கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய ஒன்று வேண்டும் என்று நீண்ட நாளாக மனதில் இருந்தது.

எந்த எஞ்சின் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. சில வருடங்களுக்கு முன் இங்கிலாந்தில் மகனிடம் போயிருந்தபோது, டாம்வர்த் நகரத்துக்குப் பக்கத்தில் ஸ்டாட்ஃபோல்ட் என்ற பண்ணையில் இருக்கும் சிறு தண்டவாளப் பாதைக்கு அவன் என்னைக் கூட்டிப் போனான். கிரஹாம் லீ என்பவர் உருவாக்கிய இடம் அது. உலகம் முழுக்கச் சீனி ஆலைகளில் ஓடித் தேய்ந்த எஞ்சின்களைத் தேடி வாங்கி, கழற்றி, திருத்தி, திரும்ப ஓட விட்டிருக்கிறார்கள். அங்கேதான் 'திராங்கில் நாலாம் நம்பர்' எஞ்சினைப் பார்த்தேன். லீட்ஸ் நகரத்து ஹன்ஸ்லெட் கம்பனி 1971இல் இந்தோனேசியாவின் ஜாவாவில் உள்ள திராங்கில் சீனி ஆலைக்காகச் செய்தது, கம்பனி இலக்கம் 3902. பிரித்தானியாவில் ஒரு தொழிற்சாலையின் வேலைக்கென்று செய்யப்பட்ட கடைசி நீராவி எஞ்சின் அதுதான் என்கிறார்கள். 1971 என்றால் மனிதன் நிலவில் கால் வைத்து இரண்டு வருடம் கழித்து! எங்கள் வடக்குப் பாதையில் யாழ்தேவி ரயில் ஓடத் தொடங்கியே பதினைந்து வருடமாகியிருந்தது. அந்தக் காலத்தில் ஏன் ஒரு ஆலை கரிக்கோச்சி கேட்டது என்று அங்கே நின்றவரிடம் கேட்டேன். விறகுக்குச் செலவே இல்லையே என்றார்.

இதுதான் சீனி ஆலை எஞ்சின்களின் அழகு. கரும்பைப் பிழிந்த பிறகு மிஞ்சுகிற சக்கையைக் காயவைத்துக் கட்டுக் கட்டாகக் கட்டி அதையே எஞ்சினுக்கும் எரித்தார்கள். நீராவி எடுக்கிற ஆலையின் பெரிய பொயிலருக்கும் (கொதிகலன்) அதே சக்கைதான். கரும்பை இழுத்து வருகிற எஞ்சின் அந்தக் கரும்பின் மிச்சத்தைத் தின்றே ஓடுகிறது. வெட்டின கரும்பை வைத்துக்கொண்டிருந்தால் நாளுக்கு நாள் அதிலுள்ள சீனி குறையும், ஒரு நாளுக்குள் ஆலைக்குள் தள்ளிவிட்டால் நல்லது. அதனால்தான் வயலுக்குள்ளேயே கழற்றிப் பூட்டுகிற தண்டவாளம் போட்டார்கள். வயலிலிருந்து பிரதான பாதை வரைக்கும் எருமைகளும் மாடுகளும் வண்டிகளை இழுத்துவரும், அதற்கு மேல் எஞ்சின். பிழிகிற காலம் வருடத்தில் சில மாதம் மட்டும், மிச்ச மாதங்களில் ஆலையின் பட்டறைக்காரர் எஞ்சினைக் கழற்றிப் பூட்டுவார்கள். கிழக்கு ஜாவாவின் ஒலேயான் ஆலையில் 2010களிலும் நீராவி எஞ்சின்கள் வேலை செய்துகொண்டிருந்தன என்றால், அதற்குக் காரணம் அந்தப் பட்டறைக்காரர்கள்தான். பெயின்ட் அடித்து ஆலை வாசலில் மேடையில் ஏற்றி வைத்த எஞ்சின்கள் வெளியே பளபளப்பாக நின்றபடி உள்ளே துருப்பிடித்துப் போகின்றன. திராங்கில் எஞ்சின் 2004இல் பிறந்த நாட்டுக்குத் திரும்பிப் போய் மறுபடி நெருப்புக் கண்டது. ஒரு மெசின் ஓடுகிற வரைக்கும்தான் அதை ஓட்டத் தெரிந்தவனும் திருத்தத் தெரிந்தவனும் இருப்பான். இதை நான் முழுமனதாக நம்புகிறேன்.

சரி, பட்டறைக்கு வருகிறேன்.

என் கையில் வரைபடம் எதுவும் இருக்கவில்லை. அன்று எடுத்த பதினொரு போட்டோக்கள் இருந்தன. அதில் ஒன்றில், எதற்கும் இருக்கட்டும் என்று மகனுடைய குடையைச் சில்லுக்குப் பக்கத்தில் நிமிர்த்தி வைத்து எடுத்திருந்தேன். குடையை அவன் அளந்து அனுப்பினான், 88 சென்ரிமீற்றர். அதை வைத்து மற்ற அளவுகளையெல்லாம் கணக்குப் பார்த்து, பத்தில் ஒன்று என்ற அளவில் வரைபுத்தாளில் கீறிக்கொண்டு போனேன். வேறு இரண்டு இடத்தில் 'இது விளையாட்டுச் சாமான் சேர், எங்களுக்கு நேரமில்லை' என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இவர் கையைத் துணியில் துடைத்துவிட்டுத் தாளை வாங்கி வெளிச்சத்துக்குப் போனார். ஒன்றும் பேசாமல் நெடுநேரம் பார்த்தார். பிறகு கேட்ட முதல் கேள்வி: "சேர், பின்னால இருக்கிற சின்னச் சில்லு ரெண்டும் இழுக்கிறதோ, சும்மா தாங்கிறதோ?"

அந்த ஒரு கேள்வியிலேயே எனக்கு ஆளைப் பிடித்துவிட்டது. சரியான கேள்வி அது. முன்னால் இருக்கிற நாலு பெரிய சில்லுகள்தான் தண்டால் பிணைக்கப்பட்டு இழுக்கும், பின்னால் உள்ள இரண்டு சின்னச் சில்லுகள் பாரத்தைத் தாங்க மட்டும். பொயிலருக்கு மேலே மாட்டுக்குச் சேணம் போட்ட மாதிரித் தண்ணீர்த் தொட்டி கவிழ்ந்திருக்கும். அதையும் விளங்கிக்கொண்டார், பழைய தகரப் பீப்பாயை வெட்டி வளைத்தே செய்துவிடலாம் என்றார்.

அடுத்தது பொயிலர். உண்மையான நீராவியில் ஓட வேண்டும் என்பது என் ஆசை. அவர் ஒரேயடியாக மறுத்துவிட்டார். "எனக்கு வெல்டிங் தெரியும், பொயிலர் தெரியாது. சின்னப் பிள்ளையள் சுத்தி நிக்கிற இடம். நான் செய்யமாட்டன் சேர்." எனக்கு முதலில் ஏமாற்றம்தான். ஆனால் யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னது எத்தனை சரி. ஒரு பங்கு தண்ணீர் நீராவியானால் ஏறக்குறைய ஆயிரத்து அறுநூறு பங்கு இடம் கேட்கும், அதை அடைத்து வைப்பதென்பது விளையாட்டு இல்லை. இங்கிலாந்தில் பழைய எஞ்சின் ஓட்டுகிறவர்கள் வருடாவருடம் பொயிலரைப் பரிசோதிக்கிறார்கள், ஏறக்குறையப் பத்து வருடத்துக்கு ஒரு தடவை உள்ளே இருக்கிற குழாய்களைக் கழற்றியே பார்க்கிறார்கள். தெரியாத வேலையைத் தெரியாது என்று சொல்கிற மெக்கானிக்கை நான் வாழ்க்கையில் அதிகம் சந்தித்ததில்லை. காசு வருகிற வேலையில் அப்படிச் சொல்வது இன்னும் அரிது. வழியையும் அவரே சொன்னார்: ரயர் கடைக் கொம்பிறசர் காற்று போதும், நீராவி செய்கிற அதே வேலையைக் காற்றும் செய்யும், பிள்ளைகள் கையும் சுடாது.

பொருட்கள் எல்லாம் பழையதிலிருந்து வந்தவைதான். சில்லுகளை உடைந்த தண்ணீர்ப் பம்ப் புல்லிகளிலிருந்து கடைந்தார், வார்ப்பிரும்பு. சிலிண்டருக்குத் தேய்ந்த வெண்கலப் புஷ் (குழாய் மாதிரியான உருளை) இரண்டு. புகைபோக்கி ஒரு பழைய அச்சுத் துண்டு. பெரிய லேத்தில் விரல் மொத்தச் சாமான் கடைவதைப் பார்க்க வேண்டும். வெண்கலச் சுருள் மஞ்சள் மயிர் மாதிரி இழைந்து வந்து விழ, அவர் மூச்சை அடக்கிக்கொண்டு கைப்பிடியை அரைக்கால் சுற்று, அரைக்கால் சுற்றாகத் திருப்புவார். சிலிண்டரின் உள் விட்டம் 20 மில்லிமீற்றர். பிஸ்டனை உள்ளே விட்டு மேல் வாயை விரலால் பொத்திக்கொண்டு இழுத்துப் பார் என்று என் கையில் தந்தார். இழுத்துவிட்டால் தானாகத் திரும்பி உள்ளே போனது. அவ்வளவு பொருத்தம்.

ஒரு பக்கச் சிலிண்டருக்கு மேலே உள்ள காற்றுப் பெட்டியின் மூடியைக் கண்ணாடி போன்ற பேர்ஸ்பெக்ஸ் தகட்டில் போடச் சொன்னேன். வால்வு முன்னும் பின்னும் வழுக்கி, பிஸ்டனுக்கு முதலில் ஒரு பக்கத்தாலும் பிறகு மறுபக்கத்தாலும் காற்று விடுவது வெளியே தெரியும். நான் இத்தனை வருடமாகக் கரும்பலகையில் கீறின அம்புக்குறிகள் எல்லாம் அந்தச் சின்ன யன்னலுக்குள் அசைகின்றன.

இனிக் குறைகள்.

முதலாவது நேரம். மூன்று கிழமை என்று சொன்ன வேலை இரண்டரை மாதம் இழுத்தது. பெரும்போக அறுவடை தொடங்கியதும் என் எஞ்சின் மேசைக்குக் கீழே போய்விட்டது, அறுவடை மெசின்கள் வரிசையில் நின்றன. வயலில் நெல் முற்றி நிற்க, மழை இருட்டிக்கொண்டு வர, மெசின் அச்சு உடைந்து வந்து நிற்கிற விவசாயியை ஒதுக்கிவிட்டு எனக்கு எஞ்சின் செய்து தா என்று நான் எப்படிக் கேட்பது? கேட்கவில்லை. ஆனால் மாசி, பங்குனியில் எதையும் கொடுக்காதீர்கள். கொடுத்தாலும் திகதியை நம்பாதீர்கள்.

இரண்டாவது குறை கொஞ்சம் விபரமாகச் சொல்ல வேண்டியது. முதல் தடவை பூட்டிக் காற்று விட்டபோது எஞ்சின் அரைச் சுற்று சுற்றிவிட்டு இறுகி நின்றது. கையால் தள்ளினால் அடுத்த அரைச் சுற்று, திரும்ப இறுக்கம். நான் சிலிண்டரைச் சந்தேகித்தேன். பிழை சில்லில் இருந்தது. சைக்கிள் மிதிக்கும்போது ஒரு பெடல் நேர் மேலே நிற்கிற கணத்தில் எவ்வளவு அழுத்தினாலும் சில்லு சுற்றாது, தெரியும்தானே. எஞ்சினிலும் அப்படி ஒரு செத்த நிலை உண்டு. அதனால் சைக்கிள் பெடல் மாதிரி பிஸ்டன் தள்ளுகிற கிராங்கில், இடப் பக்கக் கிராங்கையும் வலப் பக்கக் கிராங்கையும் ஒன்றுக்கொன்று கால் சுற்று, அதாவது 90 பாகை, தள்ளி வைப்பார்கள், ஒரு பக்கம் செத்து நிற்கும்போது மற்றப் பக்கம் தள்ளும். இந்தக் கால் சுற்று முன் அச்சிலும் இரண்டாம் அச்சிலும் துல்லியமாக ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒரு பாகை, இரண்டு பாகை மாறினாலே சில்லுகளைப் பிணைக்கிற தண்டு ஒன்றோடொன்று சண்டை பிடிக்கும். இவர் கண் மட்டத்தில், மூலைமட்டம் வைத்து அடித்து இறுக்கியிருந்தார். லான்ட்மாஸ்டருக்கு அது போதும். கோச்சிக்குப் போதாது.

நான் வரைபடத்தில் அதை அழுத்தமாக எழுதியிருக்க வேண்டும், என் பிழையும் இருக்கிறது. ஆனால் அவர் அதைச் சொல்லிக் காட்டவில்லை. எல்லாச் சில்லையும் கழற்றினார். ஒரு இரும்புக் கட்டையில் அச்சு இருக்க இரண்டு வெட்டும், கிராங் ஆணி சரியாக வந்து குந்த இரண்டு தட்டும் வைத்து ஒரு அச்சுச்சட்டம் செய்தார். அதில் வைத்துத்தான் திரும்ப ஏற்றினார். ஒன்றரை நாள் வேலை, ஒரு சதம் மேலதிகமாகக் கேட்கவில்லை. அடுத்த முறை காற்று விட்டபோது முதலில் ஒன்றும் நடக்கவில்லை, பிறகு ஒரு சின்னத் துப்பல், பிறகு சில்லு மெதுவாக உருண்டது. சக்... சக்... சக்... சக்... ஒரு சுற்றுக்கு நாலு சத்தம். வேலை செய்துகொண்டிருந்த பெடியன்கள் வெல்டிங்கை நிற்பாட்டிவிட்டு வந்தார்கள். நெல் மூட்டையோடு நின்ற ஒரு ஐயா, தொண்டைமானாறுப் பக்கத்திலிருந்து வந்து குடியேறினவராம், "எட, கரிக்கோச்சிச் சத்தமடா" என்று சொல்லிவிட்டு அப்படியே வாங்கில் இருந்துவிட்டார். நானும் ஒன்றும் பேசவில்லை. பேச வரவில்லை.

மூன்றாவது, பெயின்ட். நான் கேட்ட கடும் பச்சை இல்லை, கையிலிருந்த வேறொரு பச்சையை அடித்துவிட்டார். காய முதல் யாரோ தொட்டதில் தண்ணீர்த் தொட்டியின் இடப் பக்கத்தில் ஒரு பெருவிரல் அடையாளம் இருக்கிறது. திரும்ப அடிக்கட்டுமா என்று கேட்டார், விட்டுவிடச் சொன்னேன். நாலாவது, ரசீது. கணக்கெல்லாம் மட்டைத்துண்டில்தான். பாடசாலைக்குக் கணக்குக் காட்ட வேண்டியவர்கள் முதலே சொல்லி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எனக்கு எல்லாமாக 68,000 ரூபா முடிந்தது, பாதியைப் பழைய மாணவர்கள் தந்தார்கள். பார்த்த வேலைக்கு அது குறைவு, இன்னும் கொஞ்சம் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன்.

பெயர்த்தகடு பற்றிச் சொல்லாமல் விட முடியாது. எஞ்சினின் பக்கத்தில் ஒட்ட ஒரு பித்தளைத் தகடு கேட்டேன், 'ஹன்ஸ்லெட் 3902, 1971' என்று தமிழில். இலக்கம் அடிக்கிற அச்சு இருந்தது, தமிழ் எழுத்துக்கு இல்லை. நகைவேலைக்காரரிடம் கொடுக்கலாம் என்று நினைத்தேன். அவர் சின்ன உளி ஒன்றைத் தானே தீட்டி, ஒரு முன்னிரவு முழுக்கக் கையால் வெட்டினார். நேர்க்கோடு வெட்டுவது சுகம், வளைவுதான் கஷ்டம். 'ஹ'வின் சுழியில் உளி இரண்டு இடத்தில் சறுக்கியிருக்கிறது, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் தெரியும். கண்காட்சிக்கு வந்தவர்களில் பாதிப்பேர் அந்தத் தகட்டைத்தான் விரலால் தடவிப் பார்த்தார்கள்.

அந்த இரவு அவர் வெட்ட, நான் டோர்ச் பிடித்துக்கொண்டு ஸ்டாட்ஃபோல்டில் பார்த்த மற்ற எஞ்சின்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். 'பிஜி' என்ற பெயரில் ஒன்று, 1912இல் செய்து பிஜித் தீவின் சீனிக் கம்பனிக்குப் போனது. 'இசிபுட்டு' என்று ஒன்று, 1945இல் தென்னாபிரிக்காவின் நேட்டாலில் தொங்காட் சீனிக் கம்பனிக்குச் செய்தது. பிஜிக்கு 1879 முதல் 1916 வரைக்கும் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்ட அறுபதாயிரம் பேரில் 1903க்குப் பிறகு சென்னையிலிருந்து போனவர்களும் இருந்தார்கள், நேட்டாலுக்கு முதல் கப்பலே 1860இல் சென்னையிலிருந்துதான் போனது என்றேன். உளியைக் கீழே வைத்துவிட்டார். அவருடைய பாட்டனார் தமிழ்நாட்டிலிருந்து ஹட்டன் பக்கம் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவர். 1977 இனக்கலவரத்தில் குடும்பம் வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறியது. "அப்ப எங்கட ஆக்கள் வெட்டின கரும்பைத்தானே சேர் அது இழுத்திருக்கும்?" என்று கேட்டார். பிஜி எஞ்சின் போட்டோவைக் காட்டச் சொன்னார். போனில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார், சில்லை, தண்டை, அப்புறம் எஞ்சினுக்குப் பின்னால் யாராவது ஆட்கள் நிற்கிறார்களா என்று. எஞ்சின் மட்டும்தான் இருந்தது. நான் அங்கே நின்றபோது அப்படி ஒருவரைத் தேடிப் பார்க்கத் தோன்றவே இல்லை. அவருக்குத் தோன்றியது.

கண்காட்சி முடிந்து எஞ்சின் இப்போது எங்கள் தொழில்நுட்ப அறையில் இருக்கிறது. இரண்டு மாணவர்களுக்கு அதைக் கழற்றிப் பூட்டப் பட்டறையிலேயே ஒரு சனிக்கிழமை முழுக்கச் சொல்லிக் கொடுத்தார், அதற்கும் காசு வாங்கவில்லை. பார்க்க வருகிறவர்கள் அவர்களிடமே கேளுங்கள், என்னைவிட நன்றாக விளங்கப்படுத்துகிறார்கள்.

பட்டறைக்குப் போகிறவர்களுக்கு: காலை எட்டு மணிக்குள் போங்கள், அதற்குப் பிறகு வயல் சாமான்கள் வந்துவிடும். படம் மட்டும் கொண்டு போகாமல் அளவோடு போங்கள், எது எதோடு துல்லியமாகப் பொருந்த வேண்டும் என்பதைச் சிவப்பால் எழுதிக் கொடுங்கள். பொயிலர் கேட்காதீர்கள். நான் கரும்பு ஏற்றுகிற பெட்டி வண்டி இரண்டுக்குச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன், சிறுபோக அறுவடை முடிந்து பார்க்கலாம் என்றார். அந்த அச்சுச்சட்டத்தைக் கழற்றிப் போடவில்லை, ஆயுதப் பலகையில் மாட்டி, பின்னால் அதன் உருவத்தையும் கறுப்பு மையால் கீறி வைத்திருக்கிறார்.